சராசரிக்குப் பின்னால் நிற்பது யார்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் யாரோ கேட்டதற்குப் போகிற போக்கில், ‘கரியமில வாயு விடுவதில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்த நாடு இந்தியாதான்’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதிலும் பாதிக்கு மேல் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள், அதாவது என் ஊர்க்காரர்கள், கொஞ்சம் திட்டியும் எழுதியிருக்கிறார்கள். சரி, இந்த வாரம் பக்கம் முழுவதும் உங்களுக்கே.

எங்கள் வீட்டில் ஒரு ஃபேன், மூன்று பல்பு, ஒரு பழைய பைக். காலையில் கேழ்வரகுக் களி, ராத்திரி சோறு. நாங்களா பூமியைச் சூடாக்குகிறோம்? வெள்ளைக்காரன் இருநூறு வருஷம் புகை விட்டுவிட்டு இப்போது நம்மை நிறுத்தச் சொல்கிறானே, அதை ஏன் எழுதவில்லை?
– பென்னாகரத்திலிருந்து ஒருவர்

எழுதியிருக்க வேண்டும், தப்புதான். நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு இவற்றை எரிப்பதால் வரும் கரியமில வாயுவை மட்டும் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால், ஓர் இந்தியருக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன், உலக சராசரி ஏறத்தாழ நாலே முக்கால், சீனர் ஒருவருக்கு 8-க்கு மேல், அமெரிக்கருக்கு 14-ஐ ஒட்டி வருகிறது. பழைய கணக்கைப் புரட்டினால் இன்னும் மோசம். நீராவி எந்திரக் காலத்திலிருந்து இதுவரை உலகம் விட்ட கரியமில வாயுவில் கால்வாசி அமெரிக்காவுடையது, நம்முடையது நூற்றுக்கு 3 அல்லது 4 பங்குதான், உலகத்தில் ஆறில் ஒருவருக்கும் மேல் நாமாக இருந்தும். 1992-இல் ரியோவில் போட்ட ஐ.நா. உடன்படிக்கையிலேயே ‘பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை’ என்ற கருத்தை எழுதிவைத்தார்கள். பணக்கார நாடுகள் 2009-இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில், 2020-க்குள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருகிறோம் என்றார்கள். அந்த அளவை எட்டியது 2022-இல். அதிலும் பெரும்பகுதி கடன். நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனிக்காரர் இப்படித் தவணை தள்ளினால் வாசலில் கூட்டம் கூடிவிடும்.

ஆக, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்த 2 டன்னில்தான் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. அது சராசரி. உங்கள் ஒற்றை ஃபேனும், ஓசூரில் மூன்று ஏசியும் இரண்டு காரும் வைத்திருப்பவர் வீடும் சேர்ந்து வகுபட்டு வந்த எண். டெல்லியில் இருந்து போகிறவர்கள் உலக மேடையில் ‘எங்களுக்குத் தலைக்கு 2 டன்தான்’ என்று சொல்லும்போது, அந்த எண்ணை அவ்வளவு குறைவாக வைத்திருப்பது நீங்கள்தான், களி தின்றுகொண்டு. அந்த எண்ணைக் காட்டித் தப்பித்துக்கொள்வது வேறு ஆட்கள். வெளியே அமெரிக்கனிடம் கணக்குக் கேட்கிற அதே வாயால் உள்ளேயும் கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஓசூர் பக்கம் மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஆலையில் வேலை செய்கிறேன். ‘உன் ஸ்கூட்டர் புகை விடாதது போல நடிக்கிறது, அதன் புகை மேட்டூர் அனல் மின் நிலையத்தில் வருகிறது, அவ்வளவுதான்’ என்று என் மச்சான் கிண்டல் செய்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஓசூர் தொழிலாளி

மச்சான் பாதி சரி. நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் 100-க்கு 70-க்கு மேல் இன்னும் நிலக்கரிதான். ஒரு யூனிட் கரண்டுக்குச் சராசரியாக 700 கிராம் கரியமில வாயு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் 30 கிலோமீட்டர் போகிறதா? அப்படியானால் கிலோமீட்டருக்கு 23 கிராம், கம்பியிலும் சார்ஜரிலும் வீணாவதைச் சேர்த்தால் 27 என்று வையுங்கள். மச்சானின் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால், ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ வரும் என்ற கணக்கில் கிலோமீட்டருக்கு 51 கிராம். நிலக்கரிக் கரண்டிலேயே பாதி குறைந்துவிட்டது பாருங்கள். பேட்டரி செய்யும்போது சில நூறு கிலோ வாயு முன்கூட்டியே போய்விடுகிறது, அது உண்மைதான், அந்தக் கடன் பத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டரில் அடைந்துவிடும் என்பது என் தோராயக் கணக்கு. ஓசூருக்கும் சூளகிரிக்கும் தினமும் போய்வருகிறவருக்கு அது ஒரு வருஷம்கூட இல்லை.

மச்சான் யோசிக்காத இன்னொன்று உண்டு. அவர் வண்டி இன்றைக்கு விடுகிற புகையைத்தான் பத்து வருஷம் கழித்தும் விடும், வயசாக வயசாகக் கொஞ்சம் கூடவே விடும். உங்கள் ஸ்கூட்டர் எந்தக் கரண்டில் ஓடுகிறதோ அதற்கேற்ப அதன் கணக்கும் மாறிக்கொண்டே வரும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட, நீங்கள் ஒன்றும் செய்யாமலே உங்கள் 27 கிராம் இறங்கும். முடிந்தால் பகலில் சார்ஜ் போடுங்கள், வெயில் கரண்டு அப்போதுதான் கம்பியில் ஓடுகிறது.

ஆனால் ஒன்று: வீட்டில் பைக் இருக்கும்போதே இரண்டாவதாக ஒரு ஸ்கூட்டர் வாங்கினால் இந்தக் கணக்கெல்லாம் கோவிந்தா. டவுன் பஸ்ஸில் போகிற ஆள் உங்கள் இருவரையும் பார்த்துச் சிரிக்கலாம்.

மாடு ஏப்பம் விட்டால் உலகம் சூடாகும் என்று டிவியில் சொன்னார்கள். உண்மையா, கிண்டலா?
– பாலக்கோடு, ஒரு பால்காரம்மா

உண்மைதான் அம்மா. அசை போடும்போது வயிற்றில் உண்டாகும் மீத்தேன் வாய் வழியாக வருகிறது. ஒரு கறவை மாடு ஆண்டுக்கு 50 கிலோ அளவுக்கு விடும், நூறு வருஷக் கணக்கில் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைப்போல 28 மடங்கு சூடு பிடிக்கும். ஆனால் மீத்தேன் பன்னிரண்டு வருஷம் போல இருந்துவிட்டுக் கலைந்துபோகும், நிலக்கரிப் புகை நூற்றாண்டுகளுக்கு மேலேயே நிற்கும். உங்கள் மாட்டை விற்க வேண்டாம். நிறையப் பால் கறக்கிற ஒரு மாடு, ஒன்றும் கறக்காத மூன்று மாட்டைவிட எல்லா வகையிலும் மேல், இதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பொருளாதாரம் வளரும்போது முதலில் மாசு கூடும், ஓர் அளவுக்கு மேல் பணம் வந்ததும் தானாகவே குறையும் என்று வகுப்பில் ஒரு வளைகோடு போட்டுக் காட்டினார்கள். அப்படியானால் இப்போது கவலைப்படாமல் வேகமாக வளர்ந்துவிட்டுப் பிறகு சுத்தம் செய்துகொள்ளலாம்தானே?
– கிருஷ்ணகிரி, கல்லூரி மாணவி

இந்தக் கேள்விக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். அந்தக் கோடு சைமன் குஸ்நெட்ஸ் என்ற பொருளியலாளர் பெயரில் வருகிறது. அவர் 1950-களில் பேசியது வருமான ஏற்றத்தாழ்வு பற்றி. 1990-களின் தொடக்கத்தில் கிராஸ்மன், க்ரூகர் என்ற இருவர் அதே கவிழ்த்த கிண்ண வடிவம் காற்று மாசுக்கும் பொருந்துகிறது என்று காட்டினார்கள். கந்தகப் புகை, கரித்தூள், ஆற்றில் விடும் கழிவு இவற்றுக்கெல்லாம் பல நாடுகளில் அது பொருந்தவும் செய்தது.

ஏன் பொருந்தியது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம், ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போனால் போதும். பெங்களூருக் கழிவெல்லாம் தென்பெண்ணையில் கலந்து, மதகு திறக்கும்போது ஆளுயரத்துக்கு வெள்ளை நுரை பொங்கும், காற்றில் பறந்து வயலில் வந்து விழும், நாற்றம் குடலைப் புரட்டும். உடனே விவசாயிகள் மனு கொடுக்கிறார்கள், படம் பத்திரிகையில் வருகிறது, வழக்கு நடக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற, மூக்குக்கு எட்டுகிற, யார் செய்தது என்று கைகாட்ட முடிகிற மாசு அது. ஊரில் காசும் படிப்பும் கூடக் கூட அதைச் சகிக்க மாட்டார்கள். (இன்னும் நுரை நின்றபாடில்லை, அது வேறு விஷயம்.) கரியமில வாயுவுக்கு நுரை இல்லை, நாற்றம் இல்லை, ஓசூரில் விட்டது ஓசூரில் தங்குவதும் இல்லை. அதற்கு எதிராக யார் மனு கொடுப்பார்கள்? அதனால்தான் அந்த வளைகோடு இதில் அவ்வளவு நம்பகமாக வேலை செய்யவில்லை. பணம் கூடிய பிறகும் பல நாடுகளில் இது பல ஆண்டுகள் ஏறிக்கொண்டேதான் போனது.

குறைத்த நாடுகள் இருக்கின்றன. பிரிட்டன் 1990-இல் இருந்ததில் பாதியாக்கிவிட்டது, பொருளாதாரம் வளர்ந்துகொண்டிருக்கும்போதே. 1882-இல் லண்டனில் நிலக்கரி மின் நிலையம் தொடங்கிய நாடு, 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி நிலையத்தையும் மூடியது. ஆனால் இதில் ‘தானாக’ என்று ஒன்றுமில்லை. சட்டம் போட்டார்கள், நிலக்கரிக்கு விலை ஏற்றினார்கள், கடலில் காற்றாலை நட்டார்கள். அதோடு இரும்பையும் துணியையும் பாத்திரத்தையும் நம்மைப் போன்றவர்களிடம் வாங்கிக்கொண்டார்கள், அந்தப் புகை நம் கணக்கில் ஏறிவிட்டது. நாளைக்கு நாம் யாரிடம் தள்ளிவிடுவது?

‘உமிழ்வுச் செறிவு’ என்ற இன்னொரு சொல்லையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், தேர்வில் வரும். இந்தியா உலகத்துக்குக் கொடுத்த வாக்கு, மொத்தப் புகையைக் குறைப்பேன் என்பது அல்ல. ஒரு ரூபாய் உற்பத்திக்கு எவ்வளவு வாயு என்ற விகிதத்தை, அதாவது அந்தச் செறிவை, 2005 அளவிலிருந்து 2030-க்குள் 45 சதவீதம் குறைப்பேன் என்பது. 2020-க்குள்ளேயே 36 சதவீதம் குறைத்துவிட்டதாக அரசு ஐ.நா.வுக்கு அறிக்கை கொடுத்திருக்கிறது. லாரிக்காரர்கள் பாஷையில் சொன்னால், மைலேஜ் கூடியிருக்கிறது. ஆனால் தொப்பூர் கணவாயில் ஏறி இறங்கும் லாரிகளும் சேர்ந்தே கூடிவிட்டதால் மொத்த டீசல் செலவு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. மைலேஜ் நல்ல செய்திதான். டேங்க்கில் எவ்வளவு போகிறது என்பது தனிக் கேள்வி.

விவசாயி மோட்டார் ஓட்டுவதையும் இந்தக் கணக்கில் சேர்ப்பீர்களா? 900 அடியில் போர் போட்டு, கடன் வாங்கித் தக்காளி வைக்கிறோம். எங்கள் இலவச மின்சாரத்தில் கை வைக்க இது ஒரு சாக்கா?
– காரிமங்கலம், ஒரு விவசாயி

கை வைக்கச் சொல்லவில்லை அண்ணா. 1990-லிருந்து தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமாக வரும் மின்சாரம், அது இல்லாவிட்டால் நம் மாவட்டத்தில் பாதி நிலம் சீமைக்கருவேலம்தான். ஆனால் கணக்கை மறைத்து என்ன பிரயோஜனம்? ஏழரை குதிரைச் சக்தி மோட்டார் மணிக்குச் சுமார் 6 யூனிட் இழுக்கும். நாளுக்கு ஐந்து மணி நேரம், வருஷத்துக்கு 150 நாள் ஓட்டினால் 4,500 யூனிட், 3 டன்னுக்கு மேல் கரியமில வாயு. ஒரு ஆளின் தேசிய சராசரியை உங்கள் போர் தனியாகவே தாண்டிவிடுகிறது.

ஆனால் அது உங்கள் புகையா? தக்காளி பாலக்கோடு மார்க்கெட்டுக்கும் ராயக்கோட்டை மண்டிக்கும் போய், அங்கிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் போகிறது. சாம்பாரில் போட்டவர் கணக்கில் எழுதுவதா, உங்கள் கணக்கிலா? நான் சாம்பார் பக்கம்தான் எழுதுவேன். கிலோ மூன்று ரூபாய்க்கு வந்து நீங்கள் சாலையோரம் கொட்டுகிற வாரத்தில், 900 அடியிலிருந்து தூக்கிய தண்ணீரும் அதற்கு எரிந்த நிலக்கரியும் சேர்ந்துதான் சாலையில் கிடக்கிறது, அதை யார் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. விலைக்கும் காலநிலைக்கும் சம்பந்தமில்லை என்கிறவர்களை அந்த வாரம் பாலக்கோட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

உங்களுக்கே லாபமான வழி, முதலில் சொட்டுநீர். சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் இருக்கிறது, பாதித் தண்ணீர் மிச்சம் என்றால் பாதி மோட்டார் நேரமும் மிச்சம். சோலார் பம்ப்புக்கும் மானியம் உண்டு, புகைக் கணக்குக்கு அது மிக நல்லது. ஆனால் பயந்துகொண்டேதான் சொல்கிறேன், வெயில் இருக்கும் வரை இலவசமாக ஓடுகிற மோட்டாரை யார் நிறுத்துவார்கள், 900 அடி 1,200 அடியாகிவிட்டால் அப்புறம் என்ன செய்வது? சொட்டுநீர் இல்லாமல் சோலார் மட்டும் வேண்டாம் என்பேன்.

2024 டிசம்பரில் எங்கள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்த வேன், கார்களை எல்லாம் வெள்ளம் பொம்மை மாதிரி உருட்டிக்கொண்டு போனதே, அது இந்தப் புகையால்தானா?
– ஊத்தங்கரை

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறிவிட்டு, உள்ளே வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் அது. ஒரு புயலைக் காட்டி ‘இது புகையால் வந்தது’ என்று நேராகச் சொல்வது தப்பு, புயல் எந்தக் காலத்திலும் வந்திருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் தாங்கும் என்பது இயற்பியல், அதில் சந்தேகம் இல்லை. கொட்டுகிறபோது கூடுதலாகக் கொட்டும். 2024-தான் இதுவரை பதிவானதில் உலகின் மிகச் சூடான ஆண்டு. ஏரியின் போக்குக் கால்வாயில் கட்டடம் கட்டியதற்கு மட்டும் எந்த நாட்டின் புகையையும் குற்றம் சொல்ல முடியாது.

போல்ட், நட்டு செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். ஐரோப்பாவுக்கு அனுப்புகிற பெரிய கம்பெனி, ‘உங்கள் சரக்கில் எவ்வளவு கார்பன்’ என்று ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. இது என்ன புது வில்லங்கம்?
– ஓசூர் சிப்காட்

வில்லங்கம்தான், ஆனால் போகாத வில்லங்கம். இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும்போது, அவற்றைச் செய்ய எரித்த கரிக்கு எல்லையில் கட்டணம். 2023 அக்டோபரிலிருந்து கணக்கு மட்டும் கேட்டார்கள், 2026 ஜனவரி முதல் காசும் சேர்ந்துவிட்டது. இரும்பு போல்ட், நட்டு பட்டியலில் இருக்கிறது. மாங்கூழ் இல்லை, கிருஷ்ணகிரிக் கூழ் ஆலைக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

200 ஆண்டு எரித்தவன் இன்று நமக்கு வரி போடுகிறான் என்று இந்தியா சொல்கிற எதிர்ப்பு நியாயமானது. அதற்காகப் படிவத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உங்கள் பட்டறை எரிக்கிற கரண்டு சொற்பம். கணக்கில் பெரும்பங்கு நீங்கள் வாங்குகிற கம்பியில் இருக்கிறது. ஊது உலையில் தாதுவிலிருந்து செய்த எஃகு என்றால் டன்னுக்கு 2 டன்னுக்கு மேல் கரியமில வாயு, பழைய இரும்பை மின் உலையில் உருக்கியது என்றால் அதில் ஒரு சிறு பங்கு. கம்பி எங்கிருந்து வந்தது என்ற பில்லைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் இனி உங்களுக்கு விலை பேசும். நம் நாட்டிலேயே கார்பனுக்கு விலை கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ள வழியிருக்கிறது. அதற்கான கார்பன் சந்தைத் திட்டத்தை மத்திய அரசு 2023-இல் அறிவித்தது. காசு ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸுக்குப் போவதைவிட இங்கேயே இருப்பது மேல் இல்லையா?

2070-இல் நிகர பூஜ்ஜியம் என்கிறார்கள். மின் திறனில் பாதி பசுமை ஆகிவிட்டது என்றும் சொல்கிறார்கள். நம்பலாமா?
– பாப்பிரெட்டிப்பட்டி

விடுகிற வாயுவும் காடு போன்றவை திரும்ப உறிஞ்சுகிற வாயுவும் சமமாவதுதான் நிகர பூஜ்ஜியம், 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பிரதமர் சொன்னது. 2070-இல் நானும் இருக்க மாட்டேன், நீங்கள் தொடக்கப் பள்ளி மாணவராக இருந்தால் ஒழிய விசாரிக்கச் சிரமம்தான். பாதி பசுமை என்பது பொய் இல்லை. 2025-இல் நாட்டின் நிறுவு திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாதது ஆகிவிட்டது, சொன்ன 2030-க்கு முன்பே. ஆனால் நிறுவு திறன் என்பது நம் மாங்கூழ் ஆலை மாதிரி. எந்திரம் பெரிதுதான், மாம்பழம் வருகிற மூன்று மாதம்தானே ஓடுகிறது? வெயில் ராத்திரி இல்லை, காற்றுக்கும் பருவம் உண்டு. அதனால்தான் திறனில் பாதியாக இருந்தும் உற்பத்தியில் நிலக்கரி முக்கால்வாசிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

நான் 2070-ஐப் பார்ப்பதில்லை, இந்த வருஷம் என்ன கட்டுகிறோம் என்று பார்க்கிறேன். மேட்டூர் அனல் நிலையத்தின் முதல் அலகு 1987-இல் ஓடத் தொடங்கியது, அன்று அதற்குக் கையெழுத்துப் போட்டவர்கள் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. இன்று ஒரு நிலக்கரி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினால் அதுவும் இப்படித்தான், 2060 வரை அதற்குக் கரி போட வேண்டும். வளரும் நாட்டுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டமும் உண்டு, நமக்கு வேண்டிய வீடு, சாலை, ஆலையில் பாதி இனிமேல்தான் கட்டப்போகிறோம்.

ஊருக்கு உபதேசம் சரி. உங்கள் வீட்டுக் கணக்கு என்ன?
– பெயர் போடாமல், தர்மபுரி தபால் முத்திரையோடு

பக்கத்துத் தெருவாக இருக்கும் என்று சந்தேகம். சரி, எடுத்துவைத்தேன். நானும் என் வீட்டம்மாவும் இரண்டே பேர். போன கோடையில் ஒரு மீட்டர் ரீடிங்கில் 720 யூனிட், வருஷ சராசரியாக இரண்டு மாதத்துக்கு 600. வருஷத்துக்கு 3,600 யூனிட், ஆளுக்கு 1,260 கிலோ. கார் வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 16, அதில் ஆளுக்கு 575 கிலோ. கூட்டினால் 1.8 டன். கேஸ், அரிசி, துணி, வீடு கட்டிய சிமென்ட், போன டிசம்பரில் மகன் வீட்டுக்கு டெல்லிக்கு விமானத்தில் போனது எதையும் இன்னும் சேர்க்கவில்லை. தேசிய சராசரியான 2 டன்னில் ஆலைகளும் ரயில்களும் எல்லாம் அடக்கம், நான் கரண்டிலும் காரிலுமே அதைத் தொட்டுவிட்டேன். மாடியில் சோலார் போட விண்ணப்பித்திருக்கிறேன், பக்கத்து வீட்டுத் தென்னை நிழல் விழுகிறது என்று அதுவும் இழுத்துக்கொண்டிருக்கிறது. இந்த லட்சணத்தில், பென்னாகரத்துக்காரருக்குக் கொடுக்கிற அதே 100 யூனிட் இலவசத்தை எனக்கும் கொடுக்கிறார்கள், நானும் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை.